அரசின் தலைமை வழக்கறிஞரிடம் எதற்குப் போகலாம், எதற்குப் போகக் கூடாது?

பட்டா கிடைக்கவில்லை, ஓய்வூதிய நிலுவை வரவில்லை என்று அட்வகேட் ஜெனரலுக்கு மனு அனுப்பிப் பயனில்லை. அவர் அரசின் தலைமை வழக்கறிஞர். அரசமைப்புச் சட்டத்தின் 165-ஆவது பிரிவின்படி ஆளுநர் அவரை நியமிக்கிறார். அரசுக்குச் சட்ட ஆலோசனை சொல்வதும், அரசு ஒப்படைக்கும் சட்டப் பணிகளைச் செய்வதும் அவர் கடமை. 177-ஆவது பிரிவின்படி சட்டமன்றத்தில் பேசலாம்; வாக்களிக்க முடியாது. அரசின் மீது நீங்கள் வழக்குப் போட்டால், அவர் எதிர்த்தரப்பு வக்கீல்.

ஆனாலும், பொதுநலன் காக்கும் சில பொறுப்புகளைச் சட்டம் அவருக்குத் தந்திருக்கிறது.

பொதுத் தொல்லை: ஊர்க் குளத்தில் ஆலைக் கழிவு கலந்தால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 91-ஆவது பிரிவின்கீழ் அவர் வழக்குத் தொடரலாம். அவர் தொடராவிட்டாலும், நீதிமன்ற அனுமதியுடன் ஊர்க்காரர்கள் இருவர் சேர்ந்து தொடரலாம். தங்களுக்குத் தனியாக நட்டம் ஏற்பட்டதென்று காட்டத் தேவையில்லை.

அறக்கட்டளை முறைகேடு: 92-ஆவது பிரிவிலும் இதே வழிதான், ஆனால் அந்த இருவரும் அறக்கட்டளையில் அக்கறை உடையவர்களாக இருக்க வேண்டும். அறநிலையத் துறைச் சட்டத்துக்கு உட்பட்ட கோயில்களுக்கு இது பொருந்தாது.

நீதிமன்ற அவமதிப்பு: குற்றவியல் அவமதிப்பு வழக்கைத் தனிநபர் உயர் நீதிமன்றத்தில் தொடர, அவருடைய எழுத்துப்பூர்வ இசைவு வேண்டும். உங்களுக்குச் சாதகமான தீர்ப்பை அதிகாரி நிறைவேற்றாவிட்டால் அது உரிமையியல் அவமதிப்பு; அதற்கு யார் இசைவும் தேவையில்லை. ஆனால் ஓராண்டுக்குள் மனுப் போட வேண்டும். பலர் கோட்டை விடுவது இந்தக் கெடுவைத்தான்.

அவரிடம் போக முடியாத குறைகளுக்கு நீங்களே அரசின் மீது உரிமையியல் வழக்குப் போடுவதானால், அதற்கு இரண்டு மாதம் முன்பே, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80-ஆவது பிரிவின்படி எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். மாநில அரசு என்றால் அரசுச் செயலாளருக்கோ மாவட்ட ஆட்சியருக்கோ கொடுக்கலாம். பெயர், முகவரி, வழக்குக்கான காரணம், கேட்கும் நிவாரணம் நான்கும் அதில் இருக்க வேண்டும். நோட்டீஸ் இல்லாத வழக்கு நிலைக்காது. வீடு இடிபடப் போகிறது என்பதுபோன்ற அவசரத்தில், நீதிமன்ற அனுமதி பெற்று நோட்டீஸ் இல்லாமலே தாக்கல் செய்யலாம். ரிட் மனுவுக்கு இந்த நோட்டீஸ் தேவையே இல்லை.

வக்கீல் வைக்க வசதியில்லையா? 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி தருகிறது. 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் குழுவுக்கு நேரிலும் போகலாம். போகும்போது நோட்டீஸ் நகலையும் தபால் ஒப்புகை அட்டையையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.