செவிக்குள் ஒரு கச்சேரி – 9: ஊமை மந்தரம்

எங்கள் தெருவில் பாட்டு சொல்லிக்கொடுக்கும் மாமி வீட்டில் தம்புரா உறைக்குள் தூங்குகிறது. வகுப்புக்கு இப்போது கைப்பேசிதான் சுருதி. சத்தம் போதாவிட்டால் அதை எவர்சில்வர் சொம்புக்குள் இறக்கிவிடுவார். போன சனிக்கிழமை, ஒரு கட்டையில் பாடும் கல்லூரிப் பையன் ஒருவன் உட்கார்ந்திருந்தான்.

"மந்தரம் காதுல விழறதோ?"

"விழுது மாமி."

எனக்கும் விழுந்தது. பஞ்சமம், சாரணி, அனுசாரணி, அப்புறம் தரையைத் தொட்டுக்கொண்டு வரும் அந்த நாலாவது தந்தி, மந்தரம். ஆனால் அது விழுந்திருக்க நியாயமே இல்லை.

ஒரு கட்டைக்கு ஸட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ். மந்தர ஸட்ஜம் அதில் பாதி, 65. அவ்வளவு கனத்த ஒலிக்கு நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். கைப்பேசிக்குள் இருக்கும் நகத்தளவு ஸ்பீக்கருக்கு அந்தத் தெம்பு கிடையாது. ஒலியைப் பிரித்து வரைந்து காட்டும் செயலி ஒன்றை என் கைப்பேசியில் திறந்து சொம்பருகே வைத்தேன். 65க்கு நேரே கோடு படுத்தே கிடந்தது. மேலே 327, 392, 458, 523 என்று சீப்புப் பல் மாதிரி முளைத்திருந்தன. எல்லாம் அந்த 65இன் ஐந்து, ஆறு, ஏழு, எட்டு மடங்குகள், அதாவது அதன் மேற்சுரங்கள். பிள்ளைகள் மட்டும் பந்திக்கு வந்திருக்கிறார்கள், தாயைக் காணோம். நாங்கள் மூவரும் கேட்டது தாயின் குரலை.

(அந்த 327தான், நல்ல தம்புராவில் யாரும் மீட்டாமலே எழும்பும் அந்தர காந்தாரம்.)

காதுக்குள் இருக்கும் காக்ளியா என்ற சுருளைப் பிரித்து நீட்டினால் 35 மில்லிமீட்டர் நீளம், வாசல் பக்கம் கீச்சொலிக்கு, உள்முனை கனத்த ஒலிக்கு. ஒலி அந்தச் சுருளுக்குள் இருக்கும் சவ்வின் மேல் அலையாக ஓடுவதைக் கண்டறிந்த பெக்கெஷிக்கு 1961இல் நோபல் கொடுத்தார்கள். அந்தக் கணக்குப்படி உள்முனை ஆடினால்தான் மந்தரம் கேட்க வேண்டும். 65 வந்து சேராதபோது அதை ஆட்டியது யார்?

இது பழைய வழக்கு. 1841இல் ஜெர்மனியின் ஸீபெக், துளையிட்ட தட்டைச் சுழற்றிக் காற்றை ஊதும் சைரனை வைத்துக்கொண்டு, மூல ஒலி மெலிந்திருந்தாலும் அந்தச் சுருதி பலமாகவே கேட்கிறது என்றார். காது செய்யும் மாயம் என்று ஒதுக்கினார் ஓம். மின்தடை விதியின் அதே ஓம்தான். எது சுரம் என்று காதைக் கேட்காமல் வேறு யாரைக் கேட்பது என்று ஸீபெக் திருப்பிக் கேட்டார். எனக்கு ஸீபெக் பக்கம்தான் சாய்வு. ஆனால் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற பெரிய தலை ஓமுக்கு ஆதரவாக நிற்கவே, ஸீபெக்கின் வாதம் பல பத்தாண்டுகள் பரணில் கிடந்தது.

ஓம் கட்சியின் கடைசி ஆயுதம் ஒன்று உண்டு: மேற்சுரங்கள் காதுக்குள் மோதிக் கலங்கும்போது 65 அங்கேயே பிறந்துவிடுகிறது, உள்முனையும் நிஜமாகவே ஆடுகிறது. 1954இல் லிக்லைடர் அதைப் பறித்தார். தாழ்ந்த ஒலிகளின் இடத்தை இரைச்சலால் நிரப்பினார். அங்கே ஏதாவது பிறந்திருந்தால் இரைச்சலில் மூழ்கியிருக்கும். மூழ்கவில்லை, சுருதி கேட்டது. 1972இல் ஹௌட்ஸ்மாவும் கோல்ட்ஸ்டைனும் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஒரு மேற்சுரம் வலது காதுக்கு, அடுத்தது இடது காதுக்கு. அப்போதும் இல்லாத மூலம் கேட்டது. இரண்டு காதின் செய்தியும் கூடுகிற இடம் மண்டைக்குள்தான் இருக்கிறது.

மூளை என்ன செய்கிறது? அடுத்தடுத்த எண்களைக் கழித்துப் பார்க்கிறது என்று தோன்றும். அதுவும் இல்லை. 1800, 2000, 2200 ஒலித்தால் 200 கேட்கும். மூன்றையும் 40 கூட்டி 1840, 2040, 2240 ஆக்கினால் இடைவெளி அதே 200தான். காதில் விழும் சுருதியோ சுமார் 204க்கு ஏறிவிடும். 204இன் ஒன்பது, பத்து, பதினோரு மடங்குகளைப் போட்டுப் பாருங்கள், ஏறக்குறைய பொருந்தும். கொஞ்சம் பிசகிய எண்களுக்கும் எந்தத் தாய் அதிகம் பொருந்துவாள் என்று பார்த்து முடிவு கட்டுகிறது மூளை. மார்மோசெட் குரங்குகளின் மூளையில், மூல ஒலி வந்தாலும் அது வராமல் மேற்சுரங்கள் மட்டும் வந்தாலும் ஒரே மாதிரி துடிக்கும் நரம்பு செல்களை 2005இல் பெண்டாரும் வாங்கும் கண்டுபிடித்தார்கள்.

பழைய லேண்ட்லைன் தொலைபேசி 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் சரியாக அனுப்பாது. ஆண் குரலின் மூலம் 100, 120 பக்கம். ஊரிலிருந்து பேசிய அப்பாவின் கனத்த குரலை இத்தனை வருஷம் நாமேதான் போட்டுக் கேட்டிருக்கிறோம்.

இதையெல்லாம் சொன்னதும் மாமி எழுந்து போய் உறையைக் கழற்றினார். பிருடையை முறுக்கி, ஜீவாவை நகர்த்தி, பத்து நிமிஷம் ஆயிற்று. "குடத்து மேல கையை வைடா" என்றார் பையனிடம். நாலாவது தந்தியை மீட்டினார்.

"அதிருது மாமி."

"சொம்புல இது வருமோ?" என்று கேட்டபடி மறுபடி பஞ்சமத்துக்குப் போனார்.