திமிரி பெண்களே, அஞ்சு நிமிஷம் ஒதுக்குங்க!

“எனக்குத்தான் ஒன்னும் இல்லையே, எதுக்கு டெஸ்ட்?” என்று கேட்கிறீர்களா? கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் ஆரம்பத்தில் வலிக்காது. எச்பிவி வைரஸ் தொற்று நீடித்துப் புற்றுநோயாக மாற, பெரும்பாலும் 10 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதற்குள் கண்டுபிடித்தால் தடுத்துவிடலாம்.

எப்படிச் செய்வார்கள்?
கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவி, ஒரு நிமிடம் கழித்துப் பார்ப்பார்கள். ஊசி, மயக்க மருந்து கிடையாது. வெள்ளைத் திட்டு தெரிஞ்சாலே கேன்சர்னு பயப்படாதீங்க. அடுத்த பரிசோதனைதான் அதை உறுதி செய்யும்.

பலன் உண்டா?
திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் நடந்து, 2007-ல் வெளியான ஆய்வில், ஒரே ஒரு முறை செய்த இந்தப் பரிசோதனையே இந்நோயால் வரும் இறப்பை 35 சதவீதம் குறைத்தது.

யார், எப்போது?
30 வயதைத் தாண்டியவர்கள், 5 ஆண்டுக்கு ஒரு முறை. மாதவிடாய் நாட்களைத் தவிர்க்கவும். உறவுக்குப் பின் ரத்தம், மாதவிடாய் நின்ற பிறகு ரத்தப்போக்கு, துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுதல் இருந்தால் உடனே டாக்டரைப் பாருங்கள்.

எங்கே?
அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். ஷூ கம்பெனிக்குப் போறவங்க, சம்பளம் போயிடுமேன்னு தள்ளிப்போடாதீங்க. எந்த நாள், எந்த நேரம் என்று கிராம சுகாதார செவிலியரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சந்தேகமா? 104-க்கு போன் செய்யுங்கள்.