காற்றாடி மலையின் கதை

களியக்காவிளைச் சந்தையில் நின்றால் ஒரு காதில் தமிழும் மறு காதில் மலையாளமும் விழும். 1956 நவம்பர் 1-ஆம் தேதிக்குப் பிறகுதான் இது இரண்டு ராஜ்யங்களுக்கு நடுவேயுள்ள எல்லை. அதற்கு முன் இருபுறமும் ஒரே திருவிதாங்கூர். இங்கிருந்து குழித்துறை ஆற்றைக் கடந்து மார்த்தாண்டம் சேர்ந்து, அங்கே கிளைச்சாலையில் திரும்பினால் நட்டாலம் வெகுதூரமில்லை. சிவராத்திரியன்று 'கோவிந்தா, கோபாலா' என்று கூவிக்கொண்டே பன்னிரண்டு சிவாலயங்களுக்கு ஓடும் அடியார்கள், ஓட்டத்தை முடிக்கும் தலம் அது. அதே நட்டாலத்தில் 1712-ல் ஒரு நாயர் குடும்பத்தில் பிறந்தவர் நீலகண்ட பிள்ளை. அவரைத்தான் 2022 மே 15-ஆம் தேதி ரோமாபுரியில் போப் பிரான்சிஸ், புனிதர் தேவசகாயம் என்று பிரகடனம் செய்தார். குருவோ துறவியோ அல்லாத ஓர் இந்தியருக்கு அந்தப் பட்டம் கிடைத்தது அதுவே முதல் தடவை.

கதையின் வேர் குளச்சல் கடற்கரையில் இருக்கிறது. 1741-ல் மார்த்தாண்டவர்ம மகாராஜா டச்சுக்காரரை முறியடித்ததைப் படிக்கும்போது நமக்கெல்லாம் மார்பு விம்முகிறது அல்லவா? அன்று சிறைப்பட்டவர்களில் ஒருவர் டிலனாய். அரசர் அவரைக் கொல்லவில்லை. தமது சேனையைப் பழக்கும் வேலையைக் கொடுத்தார். அரண்மனை உத்தியோகத்திலிருந்த நீலகண்ட பிள்ளைக்கு இவருடன் சிநேகம் ஏற்பட்டது. அடுக்கடுக்கான நஷ்டங்களால் மனம் உடைந்திருந்தவருக்கு டிலனாய் விவிலியத்திலுள்ள யோபுவின் சரித்திரத்தைச் சொன்னாராம். 1745 மே மாதம் எல்லைக்கு அப்பாலிருந்த வடக்கன்குளத்தில், புத்தாரி என்ற சேசுசபைக் குருவிடம் அவர் ஞானஸ்நானம் பெற்றார். லாசரஸ் என்ற பெயரே தமிழில் தேவசகாயம் ஆயிற்று. மனைவி பார்கவி அம்மாளும் ஞானப்பூ ஆனார்.

1749-ல் கைது. ஏறக்குறைய மூன்று வருஷம் விலங்கு, சிறை, சித்திரவதை. எருமையின்மேல் பின்புறம் பார்க்க உட்கார வைத்து, எருக்கம்பூ மாலை போட்டு, ஊர் ஊராக இழுத்துச் சென்றார்கள் என்பது மக்கள் வாய்மொழி. முடிவில் ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடி மலையில் 1752 ஜனவரி 14-ஆம் தேதி சுட்டுக் கொன்றார்கள். எலும்புகள் கோட்டாறு சவேரியார் கோவிலில் அடக்கம் செய்யப்பட்டன.

இதற்குமேல்தான் வழக்கு ஆரம்பமாகிறது.

மதம் மாறியதற்காகவே கொன்றார்கள் என்கிறது திருச்சபை. திருவிதாங்கூர் மதத்துக்காக யாரையும் வதைத்த ராஜ்யமல்ல, அதற்கு ஆதாரமும் இல்லை என்றார் ஸ்ரீதர மேனன் போன்ற சரித்திரக்காரர். ராஜ்ய ரகசியத்தை வெளியிட்ட துரோகக் குற்றத்துக்கே தண்டனை என்பாரும் உண்டு. இந்தக் கட்சியை அலட்சியமாகத் தள்ள முடியாது. தம் படைக்கே ஒரு கத்தோலிக்கரைத் தலைவராக வைத்திருந்த அரசர், ஒரு கத்தோலிக்கரை அவர் மதத்துக்காக மட்டும் கொல்வானேன்?

ஆனால் அந்நியன் ஒருவன் தன் மதத்தைக் கைக்கொள்வது வேறு. அரண்மனை ஊழியரான நாயர் ஒருவர் அதைத் தழுவி, தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்களோடு சரிசமமாக உட்கார்ந்து உண்பது வேறு. முன்னதால் யாருக்கும் நஷ்டமில்லை. பின்னது அன்றைய சமூகக் கட்டின் அஸ்திவாரத்தையே அசைத்துவிடும். அவர் பழைய சாதி ஆசாரங்களை விட்டுவிட்டார் என்பதைத் திருச்சபையின் வரலாறும் அழுத்திச் சொல்கிறது. ஒரு வேடிக்கை: ரோமாபுரியின் அறிவிப்பிலேயே முதலில் 'பிள்ளை' ஒட்டிக்கொண்டிருந்தது, ஆட்சேபம் கிளம்பிய பிறகே அந்தச் சாதிப் பெயரை நீக்கினார்கள்!

ஸ்காத்லாந்து தேசத்திலும் இப்படி ஒரு வழக்கு உண்டு. 1685-ல் விக்டவுன் என்ற ஊரில், அரசர் திருச்சபைக்குத் தலைவர் என்பதை ஏற்க மறுத்த மார்கரெட் என்ற பெயருள்ள இரு பெண்களைக் கடலோரத்தில் கழியில் கட்டி, ஏறிவரும் அலையில் மூழ்கடித்தார்கள் என்பது அவ்வூர்ச் சரித்திரம். ஒருத்தி கிழவி, மற்றவளுக்குப் பதினெட்டு வயசு. தண்டனையை ஒத்திவைத்த உத்தரவொன்று அரசாங்கக் காகிதங்களில் இருப்பதைக் கண்ட நேப்பியர் என்ற வக்கீல், சுமார் நூற்றெண்பது வருஷங்களுக்குப் பிறகு, அவர்கள் சாகவே இல்லை என்று வாதித்தார். 1711-ல் எழுதிய திருச்சபை ஏடுகளைக் காட்டி எதிர்க்கட்சியார் பதில் சொன்னார்கள். சம்பவத்துக்கும் அந்த ஏடுகளுக்கும் இருபத்தாறு வருஷ இடைவெளி.

நம் வழக்கில் இடைவெளி இன்னும் குறைவு. கொச்சி ஆயர், தேவசகாயத்தின் மரணத்தைப்பற்றி ரோமாபுரிக்கு எழுதியது 1756-ல், அதாவது நான்கே வருஷத்தில். ஒரு கட்சிக்காரரின் சாட்சியம்தான், மறுக்கவில்லை. ஆனால் கண்டவர்கள் உயிரோடிருந்த காலத்துச் சாட்சியம். துரோகக் குற்றச்சாட்டுக்கு அவ்வளவு பழைய ஆதாரம் எதையும் நாம் பார்த்ததில்லை. எனவே மனிதர் தம் விசுவாசத்தை விட மறுத்தே செத்தார் என்பது நம் அபிப்பிராயம். மரண உத்தரவு அரசருடையதா, அதிகாரிகளுடையதா என்பதில் மட்டும் கதைக்குக் கதை வித்தியாசம். நாடு கடத்தவே அரசர் சொன்னார், காட்டிலே அவரைக் காண ஜனங்கள் திரண்டதைப் பொறாத அதிகாரிகளே சுடச் சொன்னார்கள் என்றும் ஒரு வழக்குண்டு.

அற்புதங்களைப்பற்றிச் சச்சரவிட நாம் தயாரில்லை. புலியூர்க்குறிச்சியில் தாகத்தால் அவர் முழங்கையால் இடித்த பாறையில் நீர் ஊறியது என்கிறார்கள். காற்றாடி மலையில் அவர் விழுந்தபோது ஒரு பாறை மணிபோல் ஒலித்ததாம். இன்றும் தட்டினால் ஒலிக்கிறது. சுசீந்திரத்தின் இசைத் தூண்களைத் தட்டிப் பார்த்த நாஞ்சில் நாட்டாருக்குக் கல் பாடுவதில் ஆச்சரியமில்லை. ஆனால் அந்தக் கல் அந்த இடத்தில் இருப்பதைப் பக்தர்கள் பெரிதாக நினைத்தால் அதில் என்ன பிழை?

ஒருமுறை பிள்ளைகளை அங்கே அழைத்துப் போயிருந்தோம். சிலுவை போட்டவர்களும் திருநீறு பூசியவர்களும் முறை வைத்துக்கொண்டு பாறையைத் தட்டினார்கள். திரும்பும்போது ஒரு பையன் கேட்டான்: "சார், அவரைச் சுடும்போது டிலனாய் எங்கே இருந்தார்?"

உதயகிரிக் கோட்டை நம் வழியில்தான் இருந்தது. உள்ளே அழைத்துப் போய் டிலனாயின் கல்லறையைக் காட்டினோம். லத்தீனிலும் தமிழிலும் எழுத்து வெட்டியிருக்கிறது. இறந்த வருஷம் 1777 என்று சொன்னதும், பையன் விரல் விட்டு எண்ணினான்: சிநேகிதர் செத்தபின் இருபத்தைந்து வருஷம், அதே சம்ஸ்தானத்துச் சேவகத்தில்.