பெயர் குறித்த பொறுப்பாளர்: ஸ்காட்லாந்துக் குழந்தை நலத்தில் தகவல் பகிர்வும் குடும்ப இசைவும்

இடருக்குள்ளான குழந்தையைப் பற்றிச் செவிலியர் ஒன்றை அறிவார்; ஆசிரியர் வேறொன்றை அறிவார்; காவல்துறையிடம் மற்றொரு செய்தி இருக்கும். இவை ஓரிடத்தில் சேராமையால் தீங்கு முன்கூட்டியே அறியப்படாமல் போவதுண்டு. இக்குறையைக் களைய, ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட் வட்டாரத்தில் 2006இல் முன்னோடித் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. இதன்வழி ஒவ்வொரு குழந்தைக்கும் ‘பெயர் குறித்த பொறுப்பாளர்’ ஒருவர் அமைந்தார். பள்ளிப் பருவத்திற்கு முன் வீடுதேடி வரும் சுகாதாரச் செவிலியரும், பின்னர்ப் பெரும்பாலும் தலைமையாசிரியரும் அப்பொறுப்பை ஏற்றனர். குடும்பம் முன்பே அறிந்த ஒருவரிடம் இப்பணி சேர்ந்ததே இதன் வலிமை எனலாம்.

வட்டார நடைமுறையாக வளர்ந்த இதனை நாடு முழுமைக்கும் உரியதாக்க 2014ஆம் ஆண்டுச் சட்டம் வகைசெய்தது. சிக்கல் இங்குதான் எழுந்தது. 2016 ஜூலையில் ஐக்கிய இராச்சிய உச்சநீதிமன்றம், சட்டத்தின் நோக்கம் ஏற்புடையதே எனினும், அதன் தகவல் பகிர்வுப் பிரிவுகள் மனித உரிமைகளுக்கான ஐரோப்பிய உடன்படிக்கையின் 8ஆம் உறுப்பிற்கு முரணானவை எனத் தீர்ப்பளித்தது. அறிவுரையை ஏற்க மறுக்கும் பெற்றோர் அம்மறுப்பினாலேயே ஐயத்திற்கு உள்ளாகக்கூடும் என்பதையும் சுட்டியது. 2019இல் அரசு இதனைச் சட்டக் கட்டாயமாக்கும் திட்டத்தைக் கைவிட்டது.

இதனைத் திட்டத்தின் தோல்வியாகக் கொள்வது பொருந்தாது. பொறுப்பாளர் முறை கட்டாயமின்றி இன்றும் தொடர்கிறது. கடுந்தீங்கு நேரும் எனக் கருத இடமிருப்பின் இசைவின்றியும் தகவல் பகிரலாம். அந்நிலையை எட்டாத கவலைகளில் பொதுவாகக் குடும்பத்தின் இசைவு கேட்கப்படுகிறது. அவ்வெல்லை எங்கே முடிகிறது என்பதை முதலில் கணிக்க வேண்டியவர் அதே செவிலியரோ தலைமையாசிரியரோதான்.