அறுநூறு டிகிரிக்குக் காத்திருக்கும் கரி

பூம்புகார் மீன்பிடித் துறைமுகத்தில் லோடுக்காக நிற்கும் பழைய டீசல் வண்டி ஒன்றின் சைலன்சர் வாயில், அது நன்றாக ஆறியிருக்கும்போது, விரலை விட்டுத் துடைத்துப் பாருங்கள். விரல் கன்னங்கரேலென்று ஆகிவிடும். பக்கத்திலேயே நிற்கும், 2020க்குப் பிறகு வாங்கிய பிக்கப்பில் அதே இடத்தைத் துடைத்தால் கொஞ்சம் சாம்பல் நிறத் தூசிதான் ஒட்டும். வண்டி நல்ல நிலையில் இருந்தால் அதுவும் இருக்காது.

இரண்டிலும் ஊற்றுவது ஒரே பங்க் டீசல். டீசல் எரிந்தால் கரி பிறக்காமல் இருக்காது. புது வண்டியின் கரி எங்கே போகிறது?

எங்கும் போகவில்லை. வண்டிக்குள்ளேயே இருக்கிறது. புகைக்குழாயின் வழியில், எஞ்சினை ஒட்டியோ வண்டிக்கு அடியிலோ, ஒரு தகர உருளை இருக்கும். அதன் வயிற்றில் இருப்பது சுட்ட பீங்கான் கட்டி ஒன்று. நீளவாக்கில் ஆயிரக்கணக்கான மெல்லிய குழல்கள் ஓடும் கட்டி. ஒரு குழலின் முன்வாய் திறந்திருந்தால் பின்வாய் அடைக்கப்பட்டிருக்கும். அடுத்த குழலில் இதற்கு நேர்மாறு. ஆகவே உள்ளே நுழைந்த புகைக்கு நேராக வெளியேற வழி கிடையாது. குழலின் சுவருக்குள் ஊடுருவித்தான் பக்கத்துக் குழலுக்குப் போக வேண்டும். ஓட்டுநர்கள் இதை 'டிபிஎஃப்' என்பார்கள். 'டிபிஎஃப் அடைச்சிக்கிச்சு' என்ற வாக்கியத்தை இப்போது எந்த ஒர்க்ஷாப்பிலும் கேட்கலாம்.

என்னை மலைக்க வைப்பது அந்தச் சுவர்தான். அதிலுள்ள நுண்துளைகளின் அகலம் ஏறக்குறைய பத்து, இருபது மைக்ரான். டீசல் கரித்துகளோ பெரும்பாலும் ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்குதான், அதற்கும் குறைவாகவும் இருக்கும். துளை நூறு மடங்கு பெரிது. நெல் சலிக்கிற சல்லடையாக இதை நினைத்தால் கணக்கே உதைக்கும். இவ்வளவு பெரிய கண்ணில் இவ்வளவு சிறிய பொருள் எப்படித் தங்கும்?

துகள் அவ்வளவு சிறியதாக இருப்பதால்தான் தங்குகிறது. சுற்றியுள்ள வாயு மூலக்கூறுகள் நாலா பக்கமும் மோதுவதால் அது நேர்கோட்டில் போக முடியாமல் தள்ளாடித் தள்ளாடிப் போகிறது. வளைந்து நெளிந்த துளைக்குள் அப்படித் தள்ளாடும் துகள் எப்படியும் சுவரில் முட்டும், முட்டினால் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய துகள் மேல் அடுத்தது. கொஞ்ச நேரத்தில் சுவர்மேல் கரியே மெல்லிய படலமாகப் படிந்துவிடும். அதன்பின் வடிகட்டும் வேலையில் பெரும்பங்கு அந்தக் கரிப்படலத்துடையது. கடையிலிருந்து எடுத்த புத்தம்புதுப் பீங்கானைவிடக் கொஞ்சம் கரி படிந்த பீங்கான் நன்றாக வடிகட்டும் என்பதை முதல்முறை படித்தபோது நம்பவே கடினமாக இருந்தது.

இந்தப் பீங்கான் தானாக வரவில்லை. 2017இல் நாடு முழுக்க பிஎஸ் 4 என்ற வண்டிப்புகை விதி வந்தது. அடுத்து வரவேண்டிய ஐந்தைத் தாண்டி, 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ் 6. டீசல் கார்களுக்கு ஒரு கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராம் என்றிருந்த துகள் வரம்பு 4.5 மில்லிகிராமாக இறங்கியது. டீசலில் இருக்கும் கந்தகமும் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைக்கப்பட்டது. கந்தகம் அதிகமிருந்தால் புகைக்குழாயில் இருக்கும் வினையூக்கி சரியாக வேலை செய்யாது.

பிடித்த கரியை என்ன செய்வது? சில பத்து கிராம் சேர்ந்தாலே புகை வெளியேறத் திணறும், எஞ்சின் இழுவை குறையும். அதனால் கரியை அங்கேயே எரிக்க வேண்டும். கரி காற்றில் நன்றாகப் பற்றி எரிய 600 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பம் வேண்டும். புகையிலேயே இருக்கும் நைட்ரஜன் டை ஆக்சைடு துணைக்கு வந்தால் 250, 300 டிகிரியிலேயே மெதுவாக எரியும். எந்த வழியானாலும் சூடு வேண்டும். டீசல் எஞ்சினிடம் கேட்கக் கூடாத பொருள் அதுதான்.

ருடால்ஃப் டீசல் 1897இல் ஓடவிட்டுக் காட்டிய எஞ்சினின் பெருமையே சிக்கனம். பெட்ரோல் எஞ்சின் எரிபொருளுக்குத் தக்கபடி காற்றை அளந்து எடுக்கிறது. டீசல் எஞ்சின் அப்படியில்லை. காற்றை வயிறு முட்ட இழுத்துக்கொண்டு தேவைக்கு மட்டும் டீசலைத் தெளிக்கிறது. ஒரு கிலோ டீசல் முழுதாக எரிய ஏறக்குறைய பதினாலரை கிலோ காற்று போதும். ஐடிலிங்கில் நிற்கும் எஞ்சின் அதைப்போலப் பல மடங்கு காற்றை உள்ளே இழுக்கிறது. கொஞ்சம் தீ, ஏராளமான காற்று. அந்தக் காற்று முழுவதிலும் சூடு பரவிவிடுவதால், சும்மா நிற்கும் டீசல் வண்டியின் புகை நூறு, இருநூறு டிகிரியைத் தாண்டுவதே கஷ்டம். எரிபொருளை மிச்சம் பிடிக்கும் குணமே கரியை எரியவிடாமல் தடுக்கிறது.

இனி பூம்புகார் வண்டியைப் பார்ப்போம். காவிரி கடலில் கலக்கும் இந்த ஊரிலிருந்து மயிலாடுதுறைக்கு 24 கிலோமீட்டர் போல இருக்கும், சீர்காழிக்கும் ஏறக்குறைய அவ்வளவே. மீன் பெட்டியும் ஐஸுமாக முழு லோடு ஏற்றிக்கொண்டு அந்தத் தூரம் போகிற பிக்கப்புக்கு ஒரு குறையும் வராது. பாரம் இழுக்க எஞ்சின் நிறைய டீசல் தெளிக்கும், புகை சூடேறும், டிரைவருக்குத் தெரியாமலே கரி எரிந்துகொண்டிருக்கும். இந்த வண்டிகளுக்கு உழைப்புதான் ஆரோக்கியம்.

சிக்கல் மற்ற வண்டிகளுக்கு. துறைமுகத்திலிருந்து தர்மகுளம் கடைத்தெரு வரை ஒரு நடை, வானகிரிக்கு வலை ஏற்ற ஒரு நடை, பிள்ளைகளைப் பள்ளியில் விட ஒன்று, திருவெண்காட்டில் ஒரு வேலை. ஒவ்வொன்றும் சில கிலோமீட்டர். ஒவ்வொரு தடவையும் எஞ்சின் முழுச்சூடு பிடிப்பதற்குள் சாவி திருப்பப்படுகிறது. அறுவடை நாளில் கொள்முதல் நிலையத்தில் நெல் மூட்டையோடு வரிசையில் நின்று அங்குலம் அங்குலமாக நகரும் வண்டிக்கும் இதே கதி.

கரி சேர்வதை வண்டியே கவனிக்கிறது. பீங்கானுக்கு முன்னும் பின்னும் இருக்கும் அழுத்த வித்தியாசத்தை ஒரு சென்சார் அளந்து சொல்லும். அளவு மீறினால் கணினி தானே சூடேற்ற முயலும்: சிலிண்டரில் தீ அடங்குகிற நேரத்தில் கூடுதலாகக் கொஞ்சம் டீசலைத் தெளிக்கும். அது அங்கே எரியாமல் புகையோடு போய், பீங்கானுக்கு முன்னால் உள்ள வினையூக்கியில் எரிந்து 600 டிகிரியைத் தரும். இந்த வேலை முடியப் பத்து, இருபது நிமிடம் வண்டி ஓடிக்கொண்டிருக்க வேண்டும். தர்மகுளம் போவதற்கு அவ்வளவு நேரம் ஆகாது. பாதியில் நின்றுபோகும். அடுத்த நடையில் மறுபடி முயலும், மறுபடி நிற்கும்.

அப்படித் தெளித்த கூடுதல் டீசலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவரில் வழிந்து கீழே எஞ்சின் ஆயிலில் கலக்கிறது. பெட்ரோல் கலந்திருந்தால் எஞ்சின் சூட்டில் பெரும்பாலும் ஆவியாகிப் போயிருக்கும். டீசல் கொதிக்க 180 முதல் 360 டிகிரி வரை வேண்டும். ஆயிலின் சூடு நூறு டிகிரியைச் சுற்றித்தான். போன டீசல் அங்கேயே தங்கிவிடும். டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். ஆயில் மட்டம் மேல்கோட்டைத் தாண்டி ஏறியிருந்தால், துணியில் துடைத்து மோந்தால் டீசல் வாடை அடித்தால், ஆயில் நீர்த்துப்போய்விட்டது என்று பொருள். ஆயில் குறைந்தால் பதறுகிறோம்; கூடினால் மகிழ்கிறோம். இந்த வண்டிகளில் கூடுவதற்கும் பதற வேண்டும். நீர்த்த ஆயில் பேரிங்கையும் டர்போவையும் தேய்த்துவிடும்.

இன்னொன்று, ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் பிறக்கிறது. நீண்ட பயணத்தில் அது ஆவியாகவே வெளியேறிவிடும். சிறு நடையிலோ குளிர்ந்த சைலன்சரில் துளித்துளியாகத் தங்கி உள்ளிருந்து துருவேற்றும். வெளியிலிருந்து அரிக்க உப்புக்காற்று ஏற்கெனவே இருக்கிறது.

கரி எரியும் வேளையை டிரைவர் கண்டுபிடிக்கலாம். ஐடிலிங் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடியிருக்கும். சாவியை அணைத்த பிறகும் ரேடியேட்டர் ஃபேன் சத்தமாகச் சுற்றும். சூடான கருகல் வாடை வரும். அப்போது வண்டியை அணைத்துப் போட்டுவிடாமல் ஊருக்கு வெளியே ஒரு ஓட்டம் போய்த் திரும்புவது நல்லது. டேஷ்போர்டில் டிபிஎஃப் விளக்கு எரிந்தால் அன்றைக்கே மயிலாடுதுறை வேலையை வைத்துக்கொள்ளலாம்; கியரைக் கொஞ்சம் குறைத்து, எஞ்சின் சுற்று இறங்காமல் போக வேண்டும். காய்ந்த வைக்கோலின் மேல் மட்டும் அந்த நேரத்தில் வண்டியை நிறுத்தக் கூடாது. டெல்டா சாலைகளில் வைக்கோல் எங்கும் கிடக்கிறது, அடியில் இருக்கும் குழாயோ கொதிக்கிறது.

சில இடங்களில் பீங்கானைக் குடைந்து எடுத்துவிட்டு, கணினியை ஏமாற்றி அனுப்பிவிடுகிறார்கள். 'இனிமே தொல்லை இல்ல' என்பார்கள். அது சட்டப்படி குற்றம் என்பதைவிட எனக்குப் பெரிதாகப்படுவது வேறு. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் அறிவித்தது. ஏலக்கூடத்தில் ரிவர்ஸ் எடுக்கும் பிக்கப்பின் பின்னால் கூடையோடு நிற்பவர்கள் மீன் விற்கும் அம்மாக்கள். சைலன்சர் உயரத்தில் முகம் இருப்பது தரையில் உட்கார்ந்து மீன் பிரிக்கிறவர்களுக்கு. அந்தப் பீங்கான் காப்பது அவர்களின் நுரையீரலை. குடைந்து எடுக்க யாருக்கும் உரிமை இல்லை.

எவ்வளவு சூடு கொடுத்தாலும் எரியாத பொருளும் ஒன்று உண்டு. எஞ்சின் ஆயிலில் சேர்க்கும் கால்சியம், துத்தநாகம் போன்றவை சாம்பலாகிப் பீங்கானிலேயே தங்கும். அதனால்தான் இந்த வண்டிகளுக்குச் சாம்பல் குறைந்த ஆயிலைக் கையேட்டில் குறிப்பிட்டிருக்கிறார்கள். விலை மலிவு என்று பழைய டிராக்டர் ஆயிலை ஊற்றுவது பீங்கானின் ஆயுளைப் பாதியில் முறிப்பதற்குச் சமம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வெளியூர் லோடு குறைந்துவிடும். வண்டிகள் உள்ளூர் நடைக்கே ஓடும். அந்த இரண்டு மாதமும் வாரத்துக்கு ஒரு நடையாவது சீர்காழி வரை போய் வர ஒரு வேலையைக் கண்டுபிடித்துக்கொள்வது வண்டிக்கு நல்லது. புதிதாக வாங்கப் போகிறவரிடம் நான் கேட்பது ஒரு கேள்விதான்: ஒரு நாளில் எத்தனை கிலோமீட்டர் ஒரே மூச்சில் ஓடும்? பதில் ஐந்துக்குள் என்றால் டீசல் வேண்டாம். 2005இல் வந்து தமிழ்நாட்டில் குட்டி யானையாகிவிட்ட டாடா ஏஸ்கூட 2022இல் மின்சாரத்தில் வந்துவிட்டது. பேட்டரியில் ஓடும் மூன்று சக்கர லோடு வண்டிகளும் இருக்கின்றன. மின் மோட்டாருக்குக் கரியும் இல்லை, சூடேறக் காத்திருக்கும் வேலையும் இல்லை. ஏலக்கூடத்துக்கும் கடைத்தெருவுக்கும் நடுவே அதை ஓடவிட்டு, டீசல் பிக்கப்பை முழு லோடோடு கும்பகோணத்துக்கு அனுப்பலாம்.