புது கிராஃபிக்ஸ் கார்டு வாங்கும் முன் ஒரு நிமிடம்... வீட்டு விமானம் தடுமாறாமல் தரையிறங்க!

“பிளேன் இறங்கும்போது படம் திக்குதுப்பா. புது கிராஃபிக்ஸ் கார்டு போட்டாதான் சரியாகும்!”

பரீட்சை முடிந்த வீடுகளில் இந்த வசனம் கேட்கத் தொடங்கியிருக்கும். கார்டின் விலையை விசாரித்தால் அப்பாவுக்கே தலை சுற்றும். நல்ல கார்டு ஒன்றின் விலையில் ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் வாங்கிவிடலாம். படம் திக்குகிறது என்று பிள்ளை சொல்வது பொய் இல்லை. ஆனால், கோளாறு கார்டில்தான் இருக்கிறது என்பது நிச்சயமில்லை.

மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 1982-ல் வந்தபோது சில கோடுகளும் வண்ணத் திட்டுகளும்தான் உலகம். 2020-ல், பிரான்ஸின் அசோபோ ஸ்டுடியோ உருவாக்கிய பதிப்போ, பிங் மேப்ஸின் வான்வழிப் படங்களை இன்டர்நெட் வழியே இழுத்து, நிஜ ஊரையே திரையில் எழுப்புகிறது. அதனால் வேலை கார்டின் தலையில் மட்டும் விழுவதில்லை. பிராசஸர், மெமரி, இன்டர்நெட் எல்லாம் சேர்ந்து இழுக்கும் தேர் இது.

திரையில் தெரியும் காட்சி, விநாடிக்கு இத்தனை ஃப்ரேம் என்று அடுத்தடுத்து வரும் படங்கள்தான். சினிமாவுக்கு 24 போதும். சிமுலேட்டரில் 45 காட்டினாலும் சில நேரம் திக்குகிறதே, ஏன்? ஃப்ரேம்கள் சீராக வராததுதான் காரணம். 30 ஃப்ரேம் ஓடுகிறது என்றால் ஒவ்வொரு படமும் சுமார் 33 மில்லி விநாடிக்கு ஒருமுறை வர வேண்டும். நடுவில் ஒரே ஒரு படம் 150 மில்லி விநாடி எடுத்துக்கொண்டாலும் கண் அதைப் பிடித்துவிடும். சராசரிக் கணக்கில் அது தெரியவே தெரியாது.

மேகத்துக்கு நடுவே பறக்கும்போது இது பெரிய விஷயமில்லை. தரையிறங்கும்போதுதான் சிக்கல். செஸ்னா 172 போன்ற சிறிய விமானம் மணிக்குச் சுமார் 120 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுதளத்தை நெருங்கும். படம் அரை விநாடி நின்றால், அதற்குள் விமானம் 16 மீட்டருக்கு மேல் போய்விடும். பிள்ளையின் கை பழைய படத்தைப் பார்த்து மூக்கைத் தூக்கும். தடாலென்று விழும். ‘எனக்கு ஓட்ட வரலை’ என்று அந்தப் பிள்ளை நினைத்துக்கொள்வதுதான் பாவம்.

சரி, யார் மேல் குற்றம்? சிமுலேட்டரே சொல்லும். ஆப்ஷன்ஸில் ‘டெவலப்பர் மோடு’ என்பதை ஆன் செய்து, மேலே வரும் மெனுவில் ஃப்ரேம் எண்ணிக்கையைக் காட்டச் சொல்லுங்கள். மூலையில் ஒரு சின்னப் பெட்டி வரும். ‘லிமிடெட் பை ஜி.பி.யு.’ என்றிருந்தால் கார்டு திணறுகிறது. ‘லிமிடெட் பை மெயின் த்ரெட்’ என்றிருந்தால் பிராசஸர் திணறுகிறது. இரண்டாவது வகை என்றால், எவ்வளவு விலையுயர்ந்த கார்டை மாட்டினாலும் பெரிய பலன் இருக்காது. பெரிய நகரத்து விமான நிலையங்களில் பல கம்ப்யூட்டர்கள் இந்த இரண்டாவது நிலைக்குத்தான் போகின்றன.

பிராசஸர்தான் என்றால், ‘டெரெய்ன் லெவல் ஆஃப் டீட்டெய்ல்’ என்ற ஸ்லைடரை 200-லிருந்து 100-க்கு இறக்குங்கள். விமான நிலையத்தில் நிற்கும் மற்ற விமானங்கள், ஓடும் வண்டிகளின் அளவையும் குறையுங்கள். மேகத்தில் கை வைக்க வேண்டாம். அது கார்டின் வேலை.

கார்டுதான் என்றால், முதலில் மேகம். ‘அல்ட்ரா’விலிருந்து ‘ஹை’க்கு மாற்றினால் பாரம் நன்றாகக் குறையும். அழகில் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. அடுத்து நிழலும் பிரதிபலிப்பும். ‘ரெண்டர் ஸ்கேலிங்’கை 100-லிருந்து 80-க்குக் குறைத்தால், கார்டு வரைய வேண்டிய புள்ளிகள் 64 சதவிகிதமாகிவிடும். பலன் உடனே தெரியும். ஆனால் காக்பிட் திரையில் உள்ள எண்கள் மங்கும். உயரத்தையும் வேகத்தையும் படிக்க முடியாமல் என்ன விமானம் ஓட்டுவது? அதனால் இதைக் கடைசியில் தொடுங்கள். என்விடியா கார்டுகளில் வரும் டி.எல்.எஸ்.எஸ். வசதியும் வேகம் தரும். அதிலும் மாறிக்கொண்டே இருக்கும் எண்கள் லேசாக இழுபடலாம்.

பலரும் தவறவிடுவது, ஃப்ரேமுக்குக் கடிவாளம் போடுவது. சாதாரண மானிட்டர் விநாடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கும். கார்டு 40 படம் கொடுத்தால், ஒரு படம் ஒருமுறையும் அடுத்தது இருமுறையுமாகக் காட்டப்படும். அதுதான் அந்தத் துடிப்பு. வி-சிங்க்கை ஆன் செய்து 30-ல் நிறுத்தினால், ஒவ்வொரு படமும் சரியாக இரண்டு முறை. எண்ணிக்கை குறைந்தும் ஓட்டம் வழுக்கிக்கொண்டு போகும்! ஃப்ரீசிங்க் அல்லது ஜி-சிங்க் உள்ள மானிட்டர் என்றால் இந்தக் கணக்கு அவ்வளவு கறாராக வேண்டாம்.

இதையெல்லாம் ஒரே நாளில் மாற்றாதீர்கள். ஒரு விமானம், ஒரு ஓடுதளம், ஒரே வானிலை. சென்னை மீனம்பாக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு செட்டிங்கை மாற்றி, இறக்கிப் பார்த்து, நோட்டில் எழுதச் சொல்லுங்கள். முதல் முறை இன்டர்நெட்டிலிருந்து படம் இறங்குவதால் திக்கலாம். இரண்டாம் முறையைக் கணக்கில் எடுங்கள். யூடியூபில் ‘பெஸ்ட் செட்டிங்ஸ்’ சொல்பவர், அவர் வீட்டுக் கம்ப்யூட்டருக்குத்தான் சொல்கிறார்.

லேப்டாப் என்றால் சார்ஜரை மாட்டிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். விண்டோஸின் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் ‘கிராஃபிக்ஸ்’ பகுதிக்குப் போய், சிமுலேட்டருக்கு ‘ஹை பெர்ஃபாமன்ஸ்’ தேர்ந்தெடுங்கள். டெஸ்க்டாப் என்றால் பின்பக்கம் எட்டிப் பாருங்கள். மானிட்டர் கேபிள் கார்டில் இல்லாமல் மதர்போர்டில் செருகியிருந்தால், வாங்கிய கார்டு சும்மா உட்கார்ந்திருக்கக்கூடும்.

இவ்வளவுக்குப் பிறகும் அந்தப் பெட்டி ‘ஜி.பி.யு.’ என்றே காட்டினால் கடைக்குப் போகலாம். அப்போது கார்டின் பெயரோடு அதன் மெமரி எத்தனை ஜி.பி. என்றும் கேளுங்கள். வீட்டிலிருக்கும் எஸ்.எம்.பி.எஸ். எத்தனை வாட்ஸ், கேபினெட்டில் கார்டு நுழைய இடமிருக்கிறதா என்று அளந்துகொண்டு போங்கள்.