நெடுந்தொலை எல்க் வேட்டை: துப்பாக்கியும் தோட்டாவும் தேரும் முறை

வடஅமெரிக்க மலைகளில் வாழும் எல்க் என்னும் பெருமானை 500 கெசத்துக்கு அப்பாலிருந்தும் வீழ்த்த வல்ல துப்பாக்கிகள் இன்று அந்நாட்டுக் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றுள் எதனைத் தேர்வது, அதற்கு எத்தோட்டா பொருந்தும் என்னும் வினா வேட்டைக்காரர்க்கு மட்டும் உரியதாகத் தோன்றலாம். எனினும் அதன் விடையில் இயற்பியலும் அறமும் ஒருங்கே அடங்கியுள்ளன. ஆதலின் அது பிறரும் அறியத்தக்கதே.

எது எல்க்?

எல்க் என்னும் சொல் இடத்துக்கு இடம் பொருள் மாறுவது. ஐரோப்பாவில் அது, அமெரிக்கர் மூஸ் என வழங்கும் விலங்கைக் குறிக்கும். இலங்கையில் வாழ்ந்த ஆங்கிலேய வேட்டைக்காரர், தமிழர் மரை என்றும் கடமான் என்றும் கூறும் விலங்கை எல்க் என்றே எழுதிவந்தனர். அமெரிக்க எல்க் இவ்விரண்டினும் வேறானது. அதற்கு வாப்பிட்டி என்றும் ஒரு பெயர் உண்டு. அது ஷானி என்னும் பழங்குடியினரின் மொழிச்சொல். வெண்ணிறப் பின்புறம் உடையது என்பது அதன் பொருள்.

ராக்கி மலைத்தொடரில் வளர்ந்த கலைமான் ஒன்று ஏறத்தாழ 300 கிலோ எடை இருக்கும். பிணைமான் 225 கிலோ அளவினது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓர் இலட்சத்துக்கும் குறைந்துபோன இவ்வினம், பாதுகாப்பினால் பெருகி இன்று ஏறக்குறைய 10 இலட்சமாக உள்ளது. உரிமச் சீட்டும் பருவ வரையறையும் உண்டு. அவற்றுக்கு உட்பட்டே வேட்டை நடைபெறுகிறது.

தோட்டாவின் ஆற்றல்

தோட்டா என்பது பித்தளைக் கூடு, அதன் அடியில் தீமூட்டி, உள்ளே வெடிமருந்து, முனையில் குண்டு என நான்கு உறுப்புகள் கொண்டது. குண்டின் இயக்க ஆற்றல் அதன் எடையோடு ஒரு மடங்காகவும், வேகத்தோடு இருமடியாகவும் பெருகும். வேகம் பாதியானால் ஆற்றல் கால்பங்காகிவிடும் என்பதை உயர்நிலை மாணவரும் அறிவர். நெடுந்தொலைவில் காற்றின் தடையால் வேகம் குறைந்துகொண்டே செல்வதால், குழாய் முனையில் உள்ள ஆற்றலைவிட இலக்கைச் சேரும்போது எஞ்சும் ஆற்றலே கணக்கிடத்தக்கது.

ஓர் இராத்தல் எடையை ஓரடி உயர்த்தும் ஆற்றலுக்கு ஓர் அடி-இராத்தல் என்று பெயர். கொலராடோ மாநிலச் சட்டப்படி எல்க் வேட்டைக்குக் குறைந்தது 6 மி.மீ. விட்டமும் 85 கிரெயின் எடையும் உள்ள, விரிந்து மலரும் குண்டு வேண்டும். 100 கெசத்தில் 1,000 அடி-இராத்தல் ஆற்றலும் இருத்தல் வேண்டும். இது சட்டத்தின் கீழெல்லை. வேட்டைக்காரர் பலர் விலங்கைச் சேருமிடத்தில் 1,500 அடி-இராத்தல் எஞ்ச வேண்டும் என்பதை மரபாகக் கொண்டுள்ளனர்.

இம்மரபை அளவுகோலாகக் கொண்டு மூன்று தோட்டாக்களை ஒப்பிடலாம். 1906-இல் படைக்கு ஏற்கப்பட்ட 30-06 ஸ்பிரிங்ஃபீல்டு, 180 கிரெயின் குண்டுடன் ஏறத்தாழ 400 கெசம் வரை அவ்வளவைக் காக்கும். 1963-இல் வந்த 300 வின்செஸ்டர் மேக்னம், நீண்டு கூரிய 200 கிரெயின் குண்டுடன் 600 கெசத்திலும் அதனினும் மிகுந்த ஆற்றல் உடையது. 2007-இல் வெளிவந்த 6.5 கிரீட்மோர் குறி தவறாமைக்குப் பெயர்பெற்றது. ஆயினும் 143 கிரெயின் குண்டுடன் அது 400 கெசத்தை நெருங்கும்போதே அவ்வளவுக்குக் கீழே இறங்கிவிடுகிறது. நேராகச் செல்வதும் வலிமையோடு சேர்வதும் ஒன்றல்ல என்பது இதனால் விளங்கும்.

குண்டின் அமைப்பு

ஆற்றல் மட்டும் போதாது. 1946-இல் ஜான் நாஸ்லர் என்பார் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூஸ் ஒன்றைச் சுட்டார். வலிமை மிக்க தோட்டாவாயினும், சேறு படிந்த உடலில் பட்ட குண்டு உள்ளே செல்லாது சிதறிப்போயிற்று. அதனால் அவர் நடுவே தடுப்புச் சுவர் கொண்ட குண்டை வடித்தார். அதன் முன்பாதி மலரும். பின்பாதி சிதறாமல் ஆழ்ந்து செல்லும். 1948 முதல் விற்பனைக்கு வந்த அவ்வகைக் குண்டு இன்றும் வழக்கில் உள்ளது. முழுதும் செம்பாலான குண்டுகளும் இப்போது உண்டு. ஈயம் கழுகினத்தை நஞ்சாய் அழிப்பதால், கலிபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டையில் ஈயக்குண்டு முற்றிலும் விலக்கப்பட்டுள்ளது.

அருகில் மிகுந்த வேகத்தால் குண்டு சிதறக்கூடும். தொலைவில் வேகம் குன்றியதால் மலராமலே ஊடுருவிச் செல்லவும் கூடும். பல குண்டுகள் மலர்வதற்கு நொடிக்கு 1,800 அடி வேகமேனும் வேண்டும். எனவே குண்டு மலரும் தொலைவைக் கடந்து சுடுதல் முறையன்று.

காற்றும் காலமும்

குழாயை விட்ட கணமே குண்டு நிலம் நோக்கி விழத் தொடங்குகிறது. 500 கெசத்தைக் கடக்க அதற்கு அரை நொடிக்கு மேலாகும். அதற்குள் அது பல அடி தாழ்ந்துவிடும். இத்தாழ்வை முன்கூட்டிக் கணக்கிட்டுக் குறிநோக்கியைத் திருத்தலாம். ஆனால் தொலைவை 50 கெசம் தவறாக மதித்தால் அடி விழுமிடம் ஏறக்குறைய ஓரடி மாறும். ஆகவே ஒளிக்கதிர் கொண்டு தொலைவளக்கும் கருவி இன்றியமையாதது.

காற்றோ கணக்கிற்கு எளிதில் அடங்காது. மணிக்கு 10 மைல் வேகத்தில் குறுக்கே வீசும் காற்று, 500 கெசத்தில் குண்டை ஓரடிக்கு மேல் ஒதுக்கிவிடும். எல்கின் இதயமும் நுரையீரலும் அடங்கிய பகுதியோ ஏறத்தாழ ஒன்றேகால் அடி அகலமே. பள்ளத்தாக்கின் இப்புறம் ஒரு காற்றும் அப்புறம் வேறு காற்றும் வீசுவது மலைநாட்டில் இயல்பு. மேலும், குண்டு செல்லும் அந்த அரை நொடியில் விலங்கு ஓர் அடி எடுத்து வைத்தால் இதயத்தில் படவேண்டியது வயிற்றில் படும்.

துப்பாக்கி

மேக்னம் தோட்டாவின் வலிமைக்கு ஒரு விலை உண்டு. அது சுடுவோன் தோளில் விழும் பின்னுதைப்பு. அதற்கு அஞ்சிக் கண்ணை மூடி விசையை வெடுக்கென இழுப்பவனுக்கு எப்பெருந்தோட்டாவும் பயன்படாது. துப்பாக்கியின் எடை மிகுந்தால் உதைப்புக் குறையும்; ஆனால் 9,000 அடி உயரத்தில் அதனை நாள் முழுதும் சுமந்து ஏறவேண்டும். இரண்டிற்கும் இடைப்பட்டுக் குறிநோக்கியுடன் 8 அல்லது 9 இராத்தல் எடையும், 24 அங்குலக் குழாயும் உள்ள தாழ்ப்பாள் வகைத் துப்பாக்கியே பலரால் விரும்பப்படுகிறது.

எல்லையை அறிதல்

இவையனைத்தும் அறிந்தபின் எஞ்சுவது சுடுவோன் தன் அளவை அறிதல். மேசைமேல் மணல்மூட்டையில் ஊன்றிச் சுடுவது அவ்வளவைக் காட்டாது. மலையில் சுடுவது போலவே அமர்ந்தும் மண்டியிட்டும், மூச்சிரைக்க ஏறி வந்தும் சுட்டுப் பார்த்தல் வேண்டும். 10 அங்குலத் தட்டில் முதற்குண்டு உள்படத் தவறாது படும் தொலைவு எதுவோ, அதுவே அவனது எல்லை. பலருக்கு அது 300 கெசத்தைத் தாண்டுவதில்லை. அவ்வளவினுள் பழைய 30-06 தோட்டாவே போதுமானது.

எனவே தேர்வின் முறை இது: முதலில் தன் எல்லை, அடுத்து அங்கும் மலரும் குண்டு, பிறகு அக்குண்டைப் போதிய வேகத்தில் செலுத்தும் தோட்டா, இறுதியில் அதற்கேற்ற துப்பாக்கி. கடைகளில் நடப்பதோ இதற்குத் தலைகீழ். வலிய துப்பாக்கியை முதலில் வாங்கி, அது எட்டும் தொலைவைத் தன் திறமையின் தொலைவாக எண்ணிக்கொள்வோர் பலர்.

அத்தவற்றின் விலையைச் செலுத்துவது வாங்கியவன் அல்லன், விலங்கே. வயிற்றில் குண்டுபட்ட எல்க் உடனே விழுவதில்லை. அடர்ந்த காட்டுள் ஓடி மறைந்து, நெடுநேரம் வருந்தி இறக்கும். பள்ளத்தாக்கின் மறுகரையிலிருந்து சுட்டவன் அவ்விடம் சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும், தடமும் மறைந்துவிடும். இன்னும் 200 கெசம் அருகே சென்று சுடும் பொறுமை உடையவனுக்கு, எத்தோட்டா என்னும் வினாவின் பாதி தானே தீர்ந்துவிடுகிறது.